பாஸ்தா என்பது சமையல் பத்திரிகை அல்ல

டண்டினொங், மெல்பேர்ண்.
ஆவணி 1976.

பெருமதிப்புக்குரிய பெரிய மச்சான் மகேந்திரராஜா அவர்களுக்கு, தங்கள் தங்கை நாகேஸ்வரியின் கணவன் விக்னராஜா பணிவுடன் எழுதிக்கொள்வது.

தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்ற துணிவில், சுகம் விசாரிக்கும் இடத்தையும் மிச்சம் பிடித்து நேரே விஷயத்துக்கு வருகிறேன். மரியாதைக் குறைவென்று எண்ணக்கூடாது. இங்கே ஆவணி என்றால் மாரிகாலம். தங்கள் தங்கையின் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. பலம் கூடிவிட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நாகேஸ்வரி ஓர் இத்தாலியச் சமையல் பத்திரிகையில் உதவி ஆசிரியை ஆகிவிட்டாள் என்ற செய்தியைத் தாங்கள் கல்லூரிப் பரிசளிப்பு விழாவில் மேடையேறிச் சொன்னதாகவும், சபை கைதட்டியதாகவும், அதிபரின் மனைவி தக்காளிக் குழம்பின் செய்முறை கேட்டதாகவும் போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். மச்சான், அந்தக் கைதட்டலை எப்படியாவது திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தச் செய்தியைத் தங்களுக்கு எழுதியவன் நான்தான். அப்போது அதை முழுமனதாக நம்பியவனும் நான்தான். அது சமையல் பத்திரிகை அல்ல, பெண் விடுதலைப் பத்திரிகை. குசினியைப் பற்றி அதில் நிறைய வருவது உண்மை. ஆனால் குசினிக்குள் போய் என்ன செய்வது என்று வருவதில்லை. அங்கேயிருந்து வெளியே வருவது எப்படி என்றுதான் வருகிறது.

முழு வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். நாகேஸ்வரி வேலை செய்யும் தையல் தொழிற்சாலையில் பெரும்பாலானவர்கள் இத்தாலியப் பெண்கள். அவர்களுக்குள் கொன்செத்தா என்றொருத்தி இருக்கிறாள். நல்ல உயரம், நல்ல குரல். அவள் மெதுவாய்ச் சொல்லும் இரகசியம் ரயில் நிலையம் வரை கேட்கும். போன வருடம் அங்கே மேற்பார்வைக்குப் புதிதாய் வந்த போர்மன், பெண்கள் கழிவறையில் நேரத்தை மினைக்கெடுத்துகிறார்கள் என்று சொல்லி, கழிவறைக் கதவுகளைக் கழற்றுவித்துவிட்டான். அன்று மத்தியானம் கொன்செத்தா, தையல் மெஷின் பூட்டும் திருப்புளியை எடுத்துக்கொண்டு போய், போர்மனுடைய அறைக் கதவைக் கழற்றிக் கழிவறைக்குப் பூட்டிவிட்டாள். பூட்டி முடித்ததும் "பாஸ்தா!" என்று கத்தினாளாம். எல்லாப் பெண்களும் சேர்ந்து கத்தினார்களாம். அந்தச் சொல்லையே பெயராக வைத்து ஒரு பத்திரிகை தொடங்குவதென்று அங்கேயே, அந்தக் கதவுக்கு முன்னாலேயே, முடிவாகிவிட்டது.

எனக்கு வீட்டில் வந்து சேர்ந்த செய்தி இவ்வளவுதான்: "இஞ்சருங்கோ, இத்தாலியப் பெண்டுகள் பாஸ்தா எண்டு ஒரு பத்திரிகை தொடங்கினம். என்னை உதவி ஆசிரியையாச் சேர்ந்து டைப் அடிச்சுத் தரச் சொல்லிக் கேக்கினம்." பாஸ்தா என்பது இடியப்பத்துக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு சாப்பாடு என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். "நல்லது, செய்யும். எங்களுக்கும் வாய்க்கு ருசியா ஏதும் கிடைக்கும்," என்றேன். அவள் சிரித்தாள். மச்சான், அந்தச் சிரிப்பை நான் நன்றி என்று எண்ணினேன்.

கொழும்புக் கந்தோரில் டைப் அடித்த கையல்லவா, அவளுக்கு இத்தாலிய மொழி ஒரு சொல்லும் தெரியாவிட்டாலும் எழுத்தைப் பார்த்து அடித்துக்கொண்டே போவாள். அதுதான் வசதி என்கிறார்கள். அர்த்தம் தெரிந்தவர்களை அடிக்க விட்டால் ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி வாதாடுகிறார்களாம். இப்படி அடித்து அடித்தே இப்போது அவள் என்னைத் திட்டுமளவுக்கு இத்தாலியன் கதைக்கிறாள், எழுதுகிறாள் என்பது வேறு விஷயம்.

இது சுயாதீனப் பத்திரிகை என்பதில் அவர்களுக்கு மகா பெருமை. ஒரு கட்சி உதவ முன்வந்தது, வேண்டாம் என்றார்கள். தேவாலயத்தின் பாதிரியார் ஒரு மண்டபம் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றார்கள். மாக்கரோனி விற்கும் ஒருவர் விளம்பரம் தருகிறேன் என்று வந்தபோது அவரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். இப்படி ஒருவரிடமும் எதுவும் வாங்காத சுயாதீனப் பத்திரிகை, என்னுடைய கராஜை மட்டும் வாங்கிக்கொண்டது. ஒரு சனிக்கிழமை காலை நான் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, கொன்செத்தாவும் இன்னும் சில பெண்களும் பிரதி அடிக்கும் ஒரு ரோனியோ மெஷினைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். என் கார் தெருவுக்குப் போனது. மெஷினின் பாரமான பக்கத்தைப் பிடித்தபடி கடைசியாக வந்தவர் கொன்செத்தாவின் கணவர் ரொக்கோ. சீமெந்து வேலை செய்பவர், மலை போன்ற மனிதர், பூனை போன்ற குணம். அவருக்கு ஆங்கிலம் குறைவு, எனக்கு இத்தாலியன் இல்லை. ஆனால் மெஷினை இறக்கி வைத்ததும் அவர் ஒரு பெருமூச்சு விட்டார், நானும் ஒன்று விட்டேன். அன்றிலிருந்து நாங்கள் நண்பர்கள்.

நான் படவரைஞன் என்று தெரிந்ததும் அட்டைப்படமும் என் தலையில் விழுந்தது. ஒரு பானையைப் பெண்ணொருத்தி காலால் எற்றிவிடும் படம் வேண்டும் என்றார்கள். சமையல் பத்திரிகைக்கு இதென்ன படம் என்று கேட்டேன். "பானை பழசு," என்றாள் நாகேஸ்வரி. சரியென்று நம்பி, கந்தோரில் தண்ணீர்த் தாங்கி வரைவது போலவே பானையின் மேல்தோற்றம், முன்தோற்றம், பக்கத்தோற்றம் மூன்றையும் அளவுகளுடன் வரைந்து கொடுத்தேன். பெண்ணை வரைய எனக்குத் தெரியாததால் ஓர் அம்புக்குறி போட்டு, விசை வரும் திசை என்று குறித்தேன். அவர்கள் அதை ஒரு கோடும் மாற்றாமல் அச்சடித்தார்கள். சிட்னியிலிருந்து யாரோ ஒரு பேராசிரியை, பெண்ணைக் காட்டாமல் அவளுடைய விசையை மட்டும் காட்டியது மிக ஆழமான கருத்து என்று பாராட்டி எழுதினாராம்.

உண்மை எனக்குத் தெரியவந்தது சலூனில். டண்டினொங் சந்தைக்குப் பக்கத்தில் ஓர் இத்தாலியக் கிழவர் வைத்திருக்கும் சலூன் அது. என் கழுத்தில் சவர்க்கார நுரையைப் பூசிச் சவரக்கத்தியை வைத்தபடி, மற்றக் கையால் பாஸ்தாவின் புது இதழை விரித்துப் பிடித்து, காத்திருந்தவர்களுக்கெல்லாம் உரத்து வாசித்தார். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சமையற் குறிப்புக்கு இவ்வளவு சிரிப்பா என்று கத்திக்குப் பயந்து தலையசைக்காமல் கேட்டேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னார்: "ஒரு புருஷனைப் பற்றி எழுதியிருக்கிறாள். கலியாணம் செய்த நாள் முதல் இன்றுவரை வீட்டில் உப்பு எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாதாம். ஒருநாள் இவள் காய்ச்சலில் படுத்திருக்க, எழுப்பிக் கேட்டானாம். பெயர் போடவில்லை. சிலோன்காரன், படம் வரைபவன், டண்டினொங்கில் இருப்பவன் என்று மட்டும் போட்டிருக்கிறாள்." பிறகு என்னைக் கண்ணாடியில் பார்த்தார். பத்திரிகையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "மாதொன்னா!" என்று மாதாவைக் கூப்பிட்டு, கத்தியை எடுத்துவிட்டு, எங்கே வேலை என்று கேட்டார்.

அவர்தான் எனக்குப் பாடமும் நடத்தினார். பென்சிலுக்கு வரும் எழுத்தைப் போட்டால் அது சாப்பாடாம். பஸ்ஸுக்கு வரும் எழுத்தைப் போட்டால், போதும், இனிப் பொறுக்கேலாது என்று அர்த்தமாம். அட்டையில் பஸ் எழுத்தைக் கண்டும், இத்தாலியர் அப்படித்தான் எழுதுவார்களாக்கும் என்று நான் இருந்துவிட்டேன். மச்சான், நம்முடைய தமிழில் இரண்டுக்கும் ஒரே ப. நம் முன்னோர் இன்னும் ஓர் எழுத்தைச் சேர்த்து வைத்திருந்தால் என் குடும்ப மானம் தப்பியிருக்கும். அன்று முதல் தெருவில் என்னைக் கண்ட இத்தாலியர் எல்லாரும் "சாலே! சாலே!" என்று கையசைக்கிறார்கள். சாலே என்றால் உப்பு. மரக்கறிக் கடைக்காரர் கேட்காமலே ஓர் உப்புப் பைக்கற்றைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணடித்தார்.

அரைவாசிச் சவரத்துடன் வீட்டுக்கு வந்து சத்தம் போட்டேன். "நாகேஸ், என்ன இது? ஊர் சிரிக்குது! இண்டையோட நீர் இதை நிப்பாட்டும்!"

"கத்தாதேங்கோ. அதில ஏதும் பொய் எழுதியிருக்கிறனோ?"

"பொய்யெண்டு ஆர் சொன்னது?"

"அப்ப உப்பு எங்க இருக்கு, சொல்லுங்கோ பாப்பம்."

நான் குசினியை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். நிறைய அலுமாரிகள் இருந்தன. "இப்ப கதை அதில்லை," என்றேன்.

"அதுதான் கதை," என்று சொல்லிவிட்டு அவள் டைப் அடிக்கப் போய்விட்டாள்.

இது இப்படியிருக்க, பத்திரிகைக்கே முடிவு வரும் போலிருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இதழைப் பங்கிட்டார்கள் என்று சொல்லி, தொழிற்சாலையில் கொன்செத்தாவையும் நாகேஸ்வரியையும் வேலையால் நிறுத்திவிட்டார்கள். அன்று அவள் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தாள். உடுப்பு மாற்றவில்லை, டைப் அடிக்கவும் இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை, மச்சான். சத்தம் போட்டால் எனக்கும் திருப்பிச் சத்தம் போடலாம். சும்மா இருக்கிற நாகேஸ்வரியை என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். குடித்தாள், நல்லாயிருக்கு என்றுகூடச் சொன்னாள். அதுதான் பயத்தைத் தந்தது.

மறுநாள் காலை அவள் எழும்பிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கொன்செத்தாவுடன் தொழிற்சாலை வாசலில் போய் நின்றாள். அவர்கள் இரண்டு பேர்தான். உள்ளேயிருந்து ஒருவரும் வரவில்லை, எல்லாருக்கும் பயம். அந்த வாரமே எங்கள் வீட்டுக்காரரும் வந்து, கராஜுக்குள் மெஷின் ஓடுகிறதாமே, சனிக்கிழமைக்கு முன் அப்புறப்படுத்தாவிட்டால் வீட்டையே விடவேண்டும் என்று சொல்லிப்போனார். சட்டத்தை மதிப்பவன் என்ற முறையில் நான் உடனே ரொக்கோவைக் கூப்பிட்டேன். இருவருமாக மெஷினையும், வேலை போனபின் பெண்கள் இரவிரவாக அடித்துப் பங்கிடாமல் கிடந்த புது இதழ்க் கட்டுகளையும் காரின் டிக்கியில் ஏற்றினோம். ரொக்கோவின் தம்பிக்குக் கிரான்பர்ன் பக்கம் ஒரு கோழிப்பண்ணை உண்டு. அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டால் கோழிகளாவது விடுதலை அடையட்டும் என்பது எங்கள் திட்டம். டிக்கி மூடவில்லை, கயிற்றால் கட்டினோம். முடிச்சுப் போட்டவர் ரொக்கோ. இதை நான் பழியாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

கிரான்பர்னுக்குப் போகும் வழி தொழிற்சாலை வாசலால்தான் போகிறது. சரியாக நாங்கள் வாசலைக் கடக்கும்போது தெருவில் ஒரு பள்ளம். கயிறு அறுந்தது, டிக்கி திறந்தது, காற்று எங்கிருந்தோ வந்தது. பாஸ்தா முழுவதும் வானத்தில் பறந்தது. வேலை மாறும் நேரம். உள்ளேயிருந்து வெளியே வருகிறவர்களும் வெளியேயிருந்து உள்ளே போகிறவர்களும் வாசலில் நின்றார்கள். அவர்கள் தலையில், தோளில், சாப்பாட்டுப் பெட்டியில் எல்லாம் இதழ்கள் வந்து விழுந்தன. முதலில் ஒருத்தி எடுத்து வாசித்தாள். பிறகு எல்லாரும் வாசித்தார்கள். கதவு கழற்றிய கதை, வேலையால் நிறுத்திய கதை, எல்லாம் அதில் இருந்தது. உள்ளே போக வந்தவர்கள் போகவில்லை. வெளியே வந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. எல்லாருமாக வாசலில் நின்று, பஸ்ஸுக்கு வரும் எழுத்தைப் போட்டு, "பாஸ்தா!" என்று கத்தினார்கள்.

நானும் ரொக்கோவும் காரைவிட்டு இறங்கி, காகிதத்தைப் பொறுக்க ஓடினோம். நாங்கள் பங்கிட ஓடுவதாக அவர்கள் எண்ணினார்கள். கொன்செத்தா வந்து என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். மச்சான், என்னால் தடுக்க முடியவில்லை, என் இரண்டு கையிலும் காகிதம். நாகேஸ்வரி சனத்தின் நடுவில் நின்று என்னைப் பார்த்தாள். "நீங்கள் வருவியள் எண்டு நான் நினைக்கேல்லை," என்றாள். கண் கலங்கியிருந்தது. கோழிப்பண்ணையைப் பற்றிச் சொல்ல அது நல்ல நேரமாக எனக்குப் படவில்லை. இன்றுவரை அந்த நேரம் வரவில்லை.

இரண்டு பேரையும் வேலைக்குத் திருப்பி எடுத்தார்கள். கதவுகளும் திரும்பி வந்தன. போர்மன் எங்கோ மாற்றலாகிப் போனான். வீட்டுக்காரரின் மனைவி இரகசியமாகப் பாஸ்தா வாசிப்பவள் என்று பிறகு தெரியவந்து, மெஷின் கராஜுக்கே வந்துவிட்டது. நானும் ரொக்கோவும் வீரர்கள் ஆகிவிட்டோம். அதன் தண்டனையாக ஒவ்வொரு சனிக்கிழமையும் ரொக்கோ பக்கம் மடிக்கிறார், நான் மடித்ததைச் சேர்த்துக் கம்பி அடிக்கிறேன். அட்டைப்படம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தோற்றம் கேட்டு என் உயிரை வாங்குகிறார்கள். என் கார் மழையில் துருப்பிடிக்கிறது. எனக்கு ஓய்வு இல்லை, நிம்மதி இல்லை.

ஆகவே மச்சான், மூத்தவர் என்ற முறையில் தாங்கள் தங்கைக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம் எழுதி, இந்தப் பத்திரிகையை இன்றோடு விட்டுவிடும்படி கட்டளையிட வேண்டும். நான் சொன்னால் கேட்கமாட்டாள். தாங்கள் சொன்னாலும் கேட்பாளோ தெரியாது, ஆனால் நான் சொன்னதாகத் தெரியாமல் எழுதவும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாய்ப் படித்து, நல்ல உத்தியோகம் பார்த்து, தாமாகத் தேத்தண்ணீர் போடவும் பழகி, நீடூழி வாழ நல்லூர்க் கந்தன் துணை நிற்பானாக.

என்றும் தங்கள் அன்பு மறவாத,
க. விக்னராஜா

பிற்குறிப்பு: கடித உறையை ஒட்டுமுன் ரொக்கோ மூச்சிரைக்க ஓடி வந்து ஒரு செய்தி சொன்னார். பெண்கள் பத்திரிகையில் ஆண்கள் வேலை செய்வது முறையல்ல என்று கூட்டம் வைத்துத் தீர்மானித்து, எங்கள் இருவரையும் நீக்கிவிட்டார்களாம். இனி ஒரு கிரேக்கப் பெண் அட்டைப்படம் வரைவாளாம். அவள் வரைந்ததை ரொக்கோ கையோடு கொண்டுவந்தார், பார்த்தேன், மச்சான். ஒரு கோடு நேராயில்லை, அளவு என்ற பேச்சே இல்லை. அடுத்த இதழுக்கு நான் ஒரு தையல் மெஷினை உள்வெட்டுத் தோற்றத்துடன் வரைந்து முடித்து வைத்திருக்கிறேன், அதை இனி யாரிடம் காட்டுவது? ரொக்கோ எங்கள் குசினியில் இருந்து அழுகிறார்; அவரைப்போல் பக்கம் மடிக்க இந்த மெல்பேர்ணில் ஆர் இருக்கினம்? எங்களை நீக்க இவை ஆர்? ஆகவே மேலே எழுதியது அத்தனையையும் அடித்துவிட்டு, என்னை உடனடியாகத் திருப்பிச் சேர்க்கச் சொல்லித் தங்கைக்குக் கண்டிப்பாக எழுதவும். பத்திரிகையை விடச் சொல்லி மட்டும் ஒரு வரியும் எழுதிவிடாதேங்கோ. அவளும் விட்டிட்டால் அங்கே எனக்காகக் கதைக்க ஒருத்தரும் இல்லை.