ஓடைக்கரை ஏக்கரில் ஒரு சிட்டிகை உப்பு

மரக்காணம்,
17.9.2005

மதிப்புக்குரிய மச்சான் தனக்கோடி அவர்களுக்கு, உங்கள் தங்கை அஞ்சம்மாளின் வீட்டுக்காரன் அப்பாவு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், அஞ்சம்மாள், பிள்ளைகள், கறவை மாடு எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். ஓடைக்கரையில் இருக்கும் நம் ஒரு ஏக்கர் மட்டும் நலமா இல்லையா என்று தெரியவில்லை. இருபது வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த நீங்கள்தான் இதற்கு வழி சொல்ல வேண்டும்.

போன மாதம் உப்பளத்திலிருந்து நேராக நிலத்துக்குப் போய்க் கால் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு ஜீப் வந்து நின்றது. பூவிழி என்று ஒரு மேடம், கையில் நோட்டும் பாட்டிலுமாக இறங்கி, "ஐயா, உங்க நெலத்துல என்ன வெளையுது?" என்று கேட்டார். மச்சான், நோட்டோடு வருகிறவர்களிடம் விளைகிறது என்று நாம் என்றைக்குச் சொல்லியிருக்கிறோம்? வறட்சிக்கு வந்தால் கருகிப்போச்சு, வெள்ளத்துக்கு வந்தால் அழுகிப்போச்சு, சுனாமிக்குப் பிறகு வந்தவர்களிடம் உப்பேறிப்போச்சு, இதுதானே ஊர் வழக்கம். வாய் பழகிவிட்டது. முழங்கால் உயர நெல்லுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "எங்கம்மா வெளையுது, எல்லாம் உப்பாப்போச்சு" என்றேன். நெல்லின் நுனி வேறு லேசாகப் பழுத்திருந்தது. யூரியா போதாததுதான், ஆனாலும் அந்த நேரத்துக்கு உதவியது. அந்தம்மா என்னைப் பார்த்தார், நெல்லைப் பார்த்தார். "அப்ப பின்னால நிக்கிறது?" "அது மாட்டுக்குங்க" என்றேன். எழுதிக்கொண்டார். பிறகு கிணற்றுத் தண்ணீர் பரிசோதனைக்கு வேண்டும் என்று பாட்டிலை என்னிடமே கொடுத்தார். பிடித்தேன். சொன்ன சொல்லுக்குத் தண்ணீரும் சாட்சி சொல்ல வேண்டாமா? மடியில் ஒட்டியிருந்த உப்பில் ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கி, கிணற்று மேட்டில் வைத்துவிட்டு ஜீப்பருகே கையெழுத்துப் போடப் போனேன். அஞ்சம்மாள் கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

நேற்று அதே மேடம் திரும்பி வந்தார். "ஐயா, உங்க கெணத்துத் தண்ணி உப்புதான். ரிசல்ட் வந்துடுச்சு" என்றார். "ரொம்ப சந்தோஷமுங்க, நிவாரணம் எப்ப வரும்?" என்றேன். "நிவாரணமா? இங்க பூமிக்கடியில பழுப்பு நிலக்கரி தேடுறாங்க. சுரங்கம் வந்தா ஓடைப் பாசன நெலம் எவ்ளோ கெட்டுப்போவும்னு எழுதறதுதான் எங்க வேலை. நல்லா வெளையுற நெலத்தத் தொடாதீங்கன்னு எழுதுவோம். உங்களுது ஏற்கெனவே கெட்டுப்போச்சு, சுரங்கத்தால புதுசா நஷ்டம் ஒண்ணும் இல்ல." உடனே நெல் இத்தனை மூட்டை, வேர்க்கடலை இத்தனை மூட்டை, தர்பூசணி வண்டி வண்டியாக என்று மூச்சு விடாமல் சொன்னேன். "மாட்டுக்குன்னு சொன்னீங்களே?" "மாடு தின்னது போக நாங்களும் சாப்புடறோங்க." அவர் சிரிக்கவில்லை. மறு பரிசோதனை வேண்டுமென்றால் ஒரு வாரத்துக்குள் மனு கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கெட்டது எவ்வளவு என்று கேட்க வந்தவரிடம் கெட்டுப்போச்சு என்று சொன்னால் அது எப்படித் தப்பாகும் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன், தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மழைக்காலத்தில் உப்பளம் மூடிக்கிடக்கும்போது நம் வீட்டு அடுப்பு எரிவது இந்த ஏக்கரால்தான். அது போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். நீங்கள் உடனே கிளம்பி வந்து, கிணறு நல்ல கிணறு, உப்பு அப்பாவு போட்டது என்று மேடத்திடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். என் வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. எல்லைக் காளி உங்கள் முழங்காலையும் எங்கள் ஏக்கரையும் சேர்த்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
ப. அப்பாவு

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் அஞ்சம்மாளிடம் படித்துக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டாள். "நீ உப்பு போட்டத நான் பாக்கலன்னு நெனச்சியா? கையெழுத்துப் போடப் போனியே, அப்பவே அதக் கொட்டிக் கழுவிட்டு வேற தண்ணி ரொப்பி வெச்சேன். மேடம் எடுத்துட்டுப் போனது நம்ம கெணத்து சுத்தமான தண்ணி."

"அப்ப உப்பு எப்படி வந்துச்சு?"

"எனக்கு இன்னா தெரியும்? ரெண்டு மாசமா அந்தத் தண்ணியிலதான் கொழம்பு வெக்கிறேன். உப்பே போடறதில்ல. நாள் பூரா உப்புலயே கெடக்கறவன், நீயும் நல்லாருக்குன்னுதான் சாப்புடற."

ஆகவே மச்சான், மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். நோட்டோடு வந்தவரிடம் வாழ்க்கையில் முதல் முறையாக உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கிறேன். மனுவில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எப்படியும் வாருங்கள். வரும்போது குடிக்க ஒரு கேன் தண்ணீர் கொண்டுவாருங்கள்.