தொப்பியோடு கழன்ற கொண்டை

நான் ஒரு காலத்தில் பொய்க் கொண்டைக்காரி. இதை என்னிடம் பயிற்சி பெறும் பெண்களிடம் இதுவரை சொன்னதில்லை.

ராணுவத்தில் தினமும் காலையில் அவர்கள் எனக்கு முதுகைக் காட்டி வரிசையாக நிற்பார்கள். நான் ஒவ்வொரு பிடரியாகப் பார்த்துக்கொண்டே போவேன். கொண்டை சட்டைக் காலரைத் தொடக்கூடாது. தொப்பியைத் தூக்கிவிடும் அளவுக்கு மேலேயும் ஏறக்கூடாது. கறுப்பு வலை, கறுப்பு ஊசி. பூ, கலர் கிளிப், வழியும் எண்ணெய் எதுவும் ஆகாது. காதோரம் ஒற்றை முடி பறந்தாலும் பெயரைக் குறித்துக்கொள்வேன். (எனக்கு அவர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் 'பேன்சீப்பு' என்று கேள்வி.)

இவ்வளவு கறாரான நான் இருபது வயதில் செய்த காரியத்தை இன்று எந்தப் பெண்ணாவது செய்தால், அவளை அன்றைக்கே ஊருக்கு ரயில் ஏற்றிவிடுவேன்.

எங்களுக்கு விருத்தாசலம். அப்பா ஒரு சின்ன பீங்கான் பட்டறையில் கல்மாவு அரைக்கும் மில்லில் இருந்தார். அம்மா இன்னொரு பட்டறையில், சூளைக்குப் போகும் முன் ஃபியூஸ் கட்டைகளின் பிசிறைத் தேய்த்து எடுப்பார். மாலையில் இரண்டு பேரும் புருவம்வரை வெள்ளையாகத் திரும்பி வருவார்கள். பவுடர் பூசிக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்வந்த ஜோடி என்று நானும் தங்கை கோகிலாவும் கிண்டல் செய்வோம். அந்தப் பவுடர் அப்பாவின் நெஞ்சுக்குள்ளும் படிந்துகொண்டிருந்தது அப்போது எங்களுக்குத் தெரியாது.

கல்லூரியில் தேசிய மாணவர் படையில் சேர்ந்தேன். தேசபக்தி என்று விண்ணப்பத்தில் எழுதினேன். பரேடு முடிந்ததும் பூரி கிடைக்கும் என்பதுதான் உண்மை. ஆனால் சீருடை போட்ட முதல் நாள் அப்பா என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ராணுவத்துக்கே போயிடு மேகலை. நம்ம வூட்டுல ஒருத்தராவது சுத்தமான காத்துல நில்லுங்க" என்றார். அன்றிலிருந்து பூரி இரண்டாம் பட்சமாகிவிட்டது.

எனக்குச் சிக்கல் என் முடிதான். முழங்காலைத் தொடும். எங்கள் பொறுப்பாளர் மேடம் தாவரவியல் ஆசிரியை. இலையைப் பிரித்துப் பார்ப்பதுபோல எங்கள் கொண்டைகளையும் பார்ப்பார். என் முறை வந்தால் பெருமூச்சு விடுவார்.

"இது கொண்டையா, தலைக்கு மேல இன்னொரு தலையா? தொப்பி எங்க உக்காரும்?"

அத்தனை முடியையும் முறுக்கி, சுற்றி, முப்பது ஊசி குத்தி, தலைவலியோடுதான் ஒவ்வொரு பரேடிலும் நிற்பேன்.

அந்த வருடம் அப்பாவுக்கு மூச்சு விட முடியாமல் போய், புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எங்கள் ஊர்ப் பக்கத்து முருகன் கோயில் ஒன்றில், கோர்ட்டில் மனு கொடுப்பதுபோல, நம் குறையைத் தாளில் எழுதிக் கட்டுவார்கள். பிராது கட்டுவது என்று பெயர். அம்மா போய்க் கட்டிவிட்டு வந்தார். 'என் வீட்டுக்காரருக்கு மூச்சு திரும்பணும். பெரிய மகள் முடியைத் தருகிறேன்.' என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. (வாதி அம்மா, நீதிபதி முருகன், தண்டனை எனக்கு.)

அப்பா வீடு திரும்பினார். நான் வாய்தா வாங்கினேன். பரீட்சை முடியட்டும், முகாம் முடியட்டும் என்றேன். பிறகு ஆகஸ்ட் வந்தது. சுதந்திர தின அணிவகுப்பில் பெண்கள் அணிக்கு நான்தான் தலைமை என்று மேடம் அறிவித்தார். அதுவும் முடியட்டும் என்றேன்.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது அப்பாவுக்கு மறுபடி இழுக்க ஆரம்பித்தது. அம்மா என்னைத் திட்டவில்லை. அப்பா இருமும்போதெல்லாம் என் பின்னலைப் பார்த்தார், அவ்வளவுதான். ஒரு பின்னலால் ஒரு மனிதரின் கழுத்தை நெரிக்க முடியும் என்று அந்த வாரம் நான் நம்பினேன். விழாவுக்கு நான்கு நாள் முன்னால் கோயிலுக்குப் போய் உட்கார்ந்தேன். கத்தி ஓடியது. மடியிலும் தரையிலும் முடி விழுந்து குவிந்தது. தலையில் சந்தனம் அப்பினார்கள். வீட்டுக் கண்ணாடியில் பார்த்தபோது, சூளையில் வைக்க மறந்த ஜாடி மாதிரி இருந்தேன்.

மேடத்திடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், "ரூல்ஸ்ல மொட்டைக்கு எடமே இல்ல" என்று வேறு பெண்ணை நிறுத்திவிடுவார் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். அப்பாவோ, ஆட்டோ வைத்தாவது வந்து பார்ப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் அவர் பார்ப்பாரா என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அம்மாவின் கல்யாணச் சவுரி பெட்டியில் இருந்தது. அதைக் கொண்டையாகச் சுற்றி, வலை போட்டு, தொப்பியின் பின்பக்க விளிம்போடு அம்மா கறுப்பு நூலால் தைத்துக்கொடுத்தார். போட்டுக் காட்டினேன்.

கோகிலா சுற்றிவந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது. ஆனா தலைய ஆட்டாத அக்கா. நீ ஆட்டுனா கொண்ட கொஞ்சம் லேட்டா ஆடுது."

அப்பாவின் இழுப்பைக் காரணம் சொல்லி நடுவில் மூன்று நாள் ஒத்திகைக்குப் போகவில்லை. விழா நாள் காலை மேடம் வரிசையைச் சோதித்தபடி வந்தார். என் பின்னால் அவருடைய காலடி நின்றது. என் மூச்சும் நின்றது.

"எல்லாரும் திரும்பி மேகலையப் பாருங்க!" என்றார். "ரெண்டு வருஷமா நான் கத்துறது இதுக்குத்தான். எவ்வளவு அடக்கமா, எவ்வளவு உருண்டையா இருக்கு! கொண்டைன்னா இது!"

இருபத்தைந்து பெண்கள் அம்மாவின் சவுரியை மரியாதையோடு பார்த்தார்கள்.

மைதானம் நிறையக் கூட்டம். வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா. பக்கத்தில் விசிறியோடு அம்மா, கோகிலா. கொடி ஏறியது. என் அணியை நடத்திப் போய், மேடையைக் கடந்து, சல்யூட் அடித்து, திரும்ப வந்து நிறுத்தினேன். ஒரு கால்கூடப் பிசகவில்லை. அம்மா காலையில் மறுபடி அப்பிவிட்டிருந்த சந்தனம் தொப்பிக்குள் வியர்வையில் கரைந்து மஞ்சளாகக் காதோரம் இறங்கியது. இன்னும் பத்து நிமிடம்தான் என்று எண்ணிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் அந்த அறிவிப்பு. வேப்பூர்ப் பக்கத்துக் கிராமத்து இளைஞன் ஒருவன் ராணுவத்தில் இருந்தான். எல்லையில் பனிச்சரிவில் இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. அவனுடைய அம்மாவை வரவழைத்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி.

மேடம் வேகமாக என்னிடம் வந்து கிசுகிசுத்தார். "நீதான் கமாண்டு குடுக்கணும். தொப்பியக் கழட்டச் சொல்லி, தலைகுனிஞ்சி நிக்க வை."

"தொப்பியக் கழட்டணுமா மேடம்?"

"பின்ன? செத்துப்போன புள்ளைக்கு மரியாத செய்ய வேணாமா?"

"எல்லாருமா மேடம்?"

"ஒனக்கு மட்டும் தனியாவா? குடு கமாண்ட!"

எதிரே அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். முந்தானையை வாயில் வைத்து அழுத்தியிருந்தார். கண்ணில் நீர் இல்லை. அழுது முடித்த கண். எல்லோரையும் கழற்றச் சொல்லிவிட்டு நான் மட்டும் தொப்பியோடு அவர் எதிரே நிற்பதா? மயக்கம் வந்தது மாதிரி விழுந்துவிடலாம். (யோசித்தேன். விழும்போதும் தொப்பிதான் முதலில் கழன்று ஓடும் என்று தோன்றியது.)

"டோப்... உதார்!" என்று இந்தியில் கட்டளையைக் கத்தினேன்.

இருபத்தாறு தொப்பிகள் இறங்கின. அவற்றில் ஒன்று கொண்டையோடு இறங்கியது.

அந்த இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்குத்தான் தெரியும். வெயில் என் மண்டையில் நேராக இறங்கியது. சந்தனம் திட்டுத்திட்டாக ஒட்டிய தலை, அதில் கத்தி கீறிய இரண்டு கோடு. கையில் தொப்பி, தொப்பியில் வலை போட்ட கொண்டை, காற்றில் லேசாக ஆடிக்கொண்டு. மௌன அஞ்சலி என்பதால் யாரும் பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது. பின்னால் ஒரு பெண்ணின் தொண்டையில் விக்கல்போல ஏதோ வெடித்து அடங்கியது. மேடம் என்னைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

அப்போது வேப்பமரத்தடியில் அப்பா சிரித்தார். எத்தனையோ மாதமாக நாங்கள் கேட்காத சிரிப்பு. ஆனால் சிரிக்கும் அளவுக்கு அவரிடம் மூச்சு இல்லை. சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, ஊரே வாய்மூடி நின்ற அந்த மைதானத்தில் அப்பாவின் நெஞ்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நான் ஓடமுடியாது. தலைகுனிந்து, என் ஷூவைப் பார்த்துக்கொண்டு, நானே கொடுத்த கட்டளைக்குக் கீழ்ப்படிந்து நின்றேன். என் முட்டாள்தனத்தைப் பார்த்துச் சிரித்தே அப்பா செத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

நேரம் முடிந்தது. அப்பாவுக்கு மூச்சு திரும்பியது. நான் தொப்பியைத் தலையில் வைப்பதற்குள், முன்வரிசையிலிருந்து அந்த அம்மா எழுந்து நேராக என்னிடம் வந்தார். சட்டென்று தொப்பியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அவர் இரண்டு கையாலும் என் மொட்டைத் தலையைப் பிடித்தார்.

"யாரு பெத்த புள்ளையோ! எம் புள்ளைக்காவ மொட்ட போட்டுக்கிட்டு நிக்கிறியேடி தாயீ!" என்றார். வறண்டிருந்த கண் அப்போது உடைந்தது.

"அம்மா, அது வந்து..." என்றேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு கதறினார். யாரோ போட்டோ எடுத்தார்கள். மேடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கூட்டமும் கைதட்டியது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

விழா முடிந்ததும் மேடம் என்னைத் தனியாக இழுத்துப்போனார். திட்டத்தான் வந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் கேட்டது வேறு.

"நெசமா சொல்லு. அந்தப் பையனுக்காகவா போட்ட?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான், "ஆமா மேடம்" என்றேன்.

மேடத்தின் கண் கலங்கியது. என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பொய்க் கொண்டைக்குக் கிடைக்கவேண்டிய தண்டனையிலிருந்து ஒரு செத்த மனிதனின் பெயரைச் சொல்லித் தப்பித்தேன். இன்றைக்கும் நினைத்தால் தலை அரிக்கிறது.

வீட்டுக்கு ஆட்டோவில் போகும்போது அப்பா என் தொப்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார். "நான் உசுரோட இருக்கும்போதே, எனக்குப் போட்ட மொட்டைய தூக்கி இன்னொருத்தருக்குக் குடுத்துட்டியே மேகலை. முருகன் இப்ப யாரு கணக்குல எழுதுவாரு?"

எல்லோரும் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. அடுத்த வாரம், மனசு கேட்காமல், உண்மையைச் சொல்லிவிடுவது என்று பஸ் ஏறி அந்தக் கிராமத்துக்குப் போனேன். கூடத்தில் மகனுடைய படம் மாட்டி மாலை போட்டிருந்தது. பக்கத்திலேயே, செய்தித்தாளில் வந்த என் மொட்டைத் தலைப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அதற்கும் மாலை. "ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் பூ வாங்குறேன்" என்றார். அவர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, எதுவும் சொல்லாமல் திரும்பி வந்தேன்.

மார்கழியில் அப்பா போனார். என் தலையில் அப்போது மூன்று விரல்கடை முடி முளைத்திருந்தது.

காரியத்தன்று அந்த அம்மா விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "ஊரான் புள்ளைக்காவ முடியக் குடுத்த பொண்ணு. அதும் அப்பனுக்கா இப்படி வரணும்?" என்று அழுதார். அம்மா நிமிர்ந்தார்.

"ஒங்க புள்ளைக்கு இல்லீங்க. இவரு மூச்சுக்காவ வேண்டிக்கிட்டுப் போட்ட மொட்ட அது. பயத்துல அவ சொல்லல."

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், கட்டளை இல்லாமலே.

அவர் என் குட்டை முடியைத் தடவி, "அப்ப ரெண்டு பேருக்குமாவே இருந்துட்டுப் போவட்டும்" என்றார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "ரெண்டு பேருக்குமே ஒதவலையே, பாவி மொட்ட" என்றார். அம்மா அவர் தோளில் சாய்ந்து முதல் முறையாக வாய்விட்டு அழுதார்.

அதற்குப் பிறகாவது என் படத்தை இறக்கிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். இறக்கவில்லை. நான் ராணுவத்தில் சேர்ந்து, முடியும் வளர்ந்து, சொந்தக் கொண்டைக்காரி ஆகி இத்தனை வருடமாகியும் படம் அங்கேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் மாலை மாறுகிறது. லீவில் வரும்போதெல்லாம் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

போன முறை போயிருந்தபோது, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த உறவுக்காரர் ஒருவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா அடுப்படியில் இருந்தார். வந்தவர் சுவரை அண்ணாந்து பார்த்தார்.

"அந்தப் பையன் தெரியும். பக்கத்துல யாருங்க அந்த மொட்டப் பொண்ணு? சின்ன வயசுலயே போயிடுச்சா, பாவம். ஒங்க சாடையா இருக்குதே, அக்காவுங்களா?"

நான் பதில் தேடுவதற்குள் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"அவ சாவலங்க. லீவுல வந்திருக்கா."

சொன்னபடியே டம்ளரோடு வெளியே வந்தவர், மகனுக்குச் சொல்லக் கிடைக்காமல் போன அந்த வார்த்தை தன் காதில் விழுந்ததுபோல நிலைப்படியில் அப்படியே நின்றுவிட்டார். நான் போய் டம்ளரைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

இதை வீட்டில் வந்து சொன்னது என் தப்பு. இப்போதெல்லாம் நான் பெட்டியோடு வாசலில் வந்து நின்றால், கோகிலா கதவைத் திறந்து உள்ளே பார்த்துக் கத்துகிறாள்: "அம்மா, செத்துப்போன அக்கா லீவுல வந்திருக்கு!"

உள்ளேயிருந்து அம்மா பதில் கொடுப்பார்: "வரட்டும். மாலைய வாசல்லயே கழட்டி வெச்சிட்டு வரச் சொல்லு."