ஒரு 'க்' அதிகம்

எங்கள் ஊரில் சமையலறைக்கு எதை வாங்கினாலும் சமையலறை எழில் வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். டோஸ்டரோ கெட்டிலோ, பார்க்க லட்சணமாகவும் தரத்தில் உயர்ந்ததாகவும் இருக்கிறது என்று வாரியம் சான்றளித்த பிறகே மேடையில் ஏற்றலாம். நல்ல சட்டம்தான். அவலட்சணமான கெட்டிலால் சீரழிந்த குடும்பங்களுக்குக் கணக்கே கிடையாது, வாரியமும் எடுத்ததில்லை.

அடுத்த வீட்டு டைலரம்மாவின் மாமனாருக்குப் பல் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்கள். ஈறு ஆறிப் புதுப் பல் கட்ட ஆறு மாதமாகும், அதுவரை எல்லாம் மைய அரைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அந்த வாரமே அவர்கள் வீட்டு மிக்சி புகைவிட்டு மண்டையைப் போட்டது. என் மிக்சியைக் கொடுத்திருப்பேன். ஆனால் ஒரு வீட்டுச் சான்றில் இன்னொரு வீட்டுச் சாமானை அரைத்தால் இரண்டு சான்றும் ரத்து. ஆகவே ஸ்கூட்டரில் டைலரம்மாவை வாரியத்துக்குக் கூட்டிப்போனேன்.

"மிக்சி வேணும் சார். மாமாவுக்கு அரைச்சுக் கொடுக்கணும்."

"மிக்சின்னு எங்க பதிவேட்டுல எதுவும் இல்லம்மா," என்றார் எழுத்தர். "அரைகருவின்னு சொல்லுங்க."

"சரி சார், அதுதான்."

"சமையலறைச் சுவர் என்ன நிறம்?"

"புகை நிறம்."

"ரொம்ப நல்லது. இந்த வருஷம் அதுதான் ஓடுது."

எழுத்தர் முத்து முத்தாகக் குறிப்பு எழுதினார். அது எட்டு மேசை ஏறி இறங்கி, பத்தாம் நாள் ஆணையாக வந்தது: 'மேற்படியார் இல்லத்துக்கு அரைக்கருவி ஒன்று அனுமதித்து இதனால் ஆணையிடப்படுகிறது.'

கடைக்காரர் அதை இரண்டு முறை படித்துவிட்டு ஜாரை மட்டும் கட்டிக் கொடுத்தார்.

"மோட்டார் எங்கண்ணே?"

"அரைக்கருவின்னுதானேம்மா போட்டிருக்கு? பாதிதான் தர முடியும்."

மறுபடி வாரியம். எழுத்தர் தப்பை மறைக்கிற ஆள் இல்லை.

"வாஸ்தவம்தான். நடுவுல 'க்' இல்லாட்டி அரைக்கிற கருவி. 'க்' வந்துட்டா பாதிக் கருவி. வினைத்தொகையில ஒற்று மிகாது. என் கவனக்குறைவு."

"அந்த 'க்'கை அடிச்சிடுங்க சார்."

"எழுத்தைச் சேர்க்கத்தான் எனக்கு அதிகாரம். எடுக்கணும்னா இயக்குநர் எடுக்கணும். அவர் பயிற்சிக்குப் போயிருக்கார்."

"அப்போ இன்னொரு பாதிக்கு மனு கொடுக்கிறேன்."

"ரெண்டு பாதி சேர்ந்தா முழுசாயிடுமே. முழுசுக்கு உங்களுக்கு அனுமதி எங்க இருக்கு?"

டைலரம்மா ஜாரை மடியில் வைத்துக்கொள்ள, ஸ்கூட்டரில் வீடு திரும்பினோம்.

டைலரம்மா கையால் மசித்துப் பார்த்தார். ஒரு நார் தொண்டையில் சிக்கிப் பெரியவருக்குக் கண் பிதுங்கிவிட்டது. அதிலிருந்து அவர் கஞ்சித் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. சட்டை தொளதொளவென்று ஆனது. மருமகள் அதை இரண்டு முறை பிடித்துத் தைத்தார்.

அந்தச் சமயத்தில், அனுமதித்த பொருள் மேடையில் எப்படி இருக்கிறது என்று பார்க்க எழில் அதிகாரி அம்மையார் வந்தார். தனியாக நின்ற ஜாரைக் கண்டதும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

"ஒயர் இல்ல, சத்தம் இல்ல. என்ன ஒரு அடக்கம். இது யாரோட யோசனை?"

"உங்க எழுத்தரோடதுதான் மேடம். மாமாவுக்குச் சாப்பாடே இறங்கல. பாருங்க, எப்படி இளைச்சுட்டார்."

அம்மையார் பெரியவரைக் கனிவோடு பார்த்தார். "ஆமா. இந்தச் சமையலறைக்கு அவ்வளவு பொருத்தமா இருக்கார்."

ஜாரும் பெரியவருமாக எடுத்த படம் வாரியத்தின் பத்திரிகையில் அட்டையில் வந்தது. ஒரே மாதத்தில் ஊர் முழுக்க அரைக்கருவி மோகம். மோட்டார் வைத்திருப்பது பட்டிக்காட்டுத்தனம் என்றாகிவிட்டது. நானும் என்னுடையதை வாரியத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினேன். பிறகு அரை டோஸ்டர் வந்தது. போட்ட ரொட்டி போட்டபடியே வெளியே வரும். இயற்கையாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டோம்.

மூன்றாம் மாதம் இயக்குநர் திரும்பி வந்து 'க்'கை எடுத்தார். ஊரிலேயே ஒரே மோட்டார் டைலரம்மா வீட்டுக்கு வந்தது. வெந்த காயும் பருப்புமாக அவர் அரைத்த சத்தம் தெருமுனை வரை கேட்டது. பெரியவர் இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் இருக்காம்மா?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பத்தே நிமிடத்தில் வாசலில் ஆட்கள். ஒவ்வொருவரும் துண்டுக்குள் ஒரு கிண்ணம் மறைத்திருந்தார்கள். "எங்களுக்கும் கொஞ்சம் அரைச்சுக் கொடுங்க. வெளியே மட்டும் சொல்லிடாதீங்க." டைலரம்மா முகம் சுளிக்காமல் அரைத்தார். வரிசையில் ஏழாவதாக நின்றவன் நான்.

எட்டு நாள் இப்படி நாக்குக்கு ருசியாகப் போயிற்று. ஒன்பதாம் நாள், அந்த வீட்டுக்கு யார் யார் போய்வருகிறார்கள் என்று வாரியம் விசாரிக்கப் போவதாகப் பேச்சு அடிபட்டது. நாங்கள் முந்திக்கொண்டோம். தெருவின் எழிலைக் குலைக்கும் இரைச்சல் பற்றி ஏழு பேர் கையெழுத்திட்டு மனு கொடுத்தோம்.

அன்று மாலையே அம்மையார் வந்து மோட்டாரைக் கைப்பற்றினார். மேடையில் ஏழு கிண்ணங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன.

"இதெல்லாம் யாரோடது?"

மனுதாரர்களாகக் கூடவே போயிருந்த நாங்கள் ஏழு பேரும் கூரையைப் பார்த்தோம். டைலரம்மா எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எல்லாம் எங்க வீட்டோடதுதான் மேடம்."

சான்றில்லாத ஏழு கிண்ணங்களை வைத்திருந்த குற்றத்துக்கு அவர் பெயர் பதிவாயிற்று. சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். அடுத்த வீட்டுக்காரன் என்ற முறையில் நான் போட்டேன்.