இன்னும் ஒரு சுற்று

இன்று நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகும் ஜீவனுக்குக் கொம்பும் கிடையாது, வாலும் கிடையாது. பார்த்தால் நம்மைப் போலத்தான் இருப்பார். சிரித்த முகம், யாருக்கும் கெடுதல் நினைக்காத மனசு. ஆனால் மூடி உள்ள பாட்டிலோ, திருகு உள்ள குழாயோ, முடிச்சுப் போட ஒரு கயிறோ கையில் கிடைத்துவிட்டால், அது சரியாக இறுகிவிட்டது என்று உலகமே ஒப்புக்கொள்ளும் அந்த இடத்தில் அவரால் நிறுத்த முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு சுற்று. இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் இறுக்கர்.

ஒரு வீட்டில் இறுக்கர் இருக்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரொம்பச் சுலபம். போய் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேளுங்கள். பாட்டில் முதலில் வீட்டம்மா கைக்குப் போகும், அங்கிருந்து பிள்ளைகளின் கைக்கு, பிறகு ஒரு ஈரத்துணி வரும், பிறகு கதவிடுக்கில் மூடியைக் கொடுத்துத் திருப்பிப் பார்ப்பார்கள், கடைசியில் விருந்தாளியான உங்கள் கைக்கே அது வந்து சேரும். அவரோ நாற்காலியில் சாய்ந்தபடி, "சிந்தாம இருக்கணும் இல்லையா?" என்பார். சிந்தவில்லைதான். யாரும் குடிக்கவும் இல்லையே!

பேச்சிலும் அதே கதைதான். இறுக்கர் ஒரு ஜோக் சொல்லி, நீங்களும் மனமாரச் சிரித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதோடு விடுவாரா? "ஏன் அப்படிச் சொன்னான்னா..." என்று ஆரம்பித்து, நீங்கள் சிரித்த சிரிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டுதான் விடுவார். தப்புச் செய்த பிள்ளை 'இனிமே செய்யமாட்டேன்' என்று அழுதபிறகு, வசவை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறவரும் இவரே.

இந்த இனத்தின் அசல் மாதிரி எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார். என் அக்கா வீட்டுக்காரர். அத்தான் கட்டிய பார்சலைப் பிரிக்க எங்கள் வீட்டில் அரிவாள்மனை தேவைப்பட்டிருக்கிறது. இருந்தாலும் அவர் புகழின் உச்சியைத் தொட்டது அவருடைய பழைய காரில்தான்.

எஞ்சினின் உச்சந்தலையில் ஒரு மூடி உண்டு. வால்வு கவர் என்பார்கள். மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே கேஸ்கெட் என்று ஒரு ரப்பர் பட்டை சுற்றிலும் உட்கார்ந்திருக்கும். உள்ளே தெறிக்கும் ஆயில் வெளியே வராமல் பார்த்துக்கொள்வது அதன் உத்தியோகம். மெத்தென்று இருந்தால்தான் அதனால் அந்த உத்தியோகத்தைப் பார்க்க முடியும். கொஞ்ச காலத்துக்கு முன் அந்த மூடியின் ஓரத்தில் லேசாக ஈரம் தெரிந்திருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் துடைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அத்தான் நீளமான ஸ்பானரை எடுத்து எல்லா போல்ட்டுக்கும் பாரபட்சம் இல்லாமல் ஒரு சுற்று வைத்தார். கேஸ்கெட் நசுங்கியது. கசிவு ஒழுக்காயிற்று. ஒழுகிய ஆயில் சூடான புகைக்குழாயில் விழுந்து பொசுங்க, காருக்குள் உட்கார்ந்தாலே கருகல் நாற்றம். அப்புறம் அவர் என்ன செய்திருப்பார்? சரியாகச் சொன்னீர்கள். அதன்மேல் இன்னும் ஒரு சுற்று.

இந்த நேரத்தில் அவருடைய மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. அவளுடைய முதல் வேலை. அந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு, தனியாகப் போய்ச் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அத்தான் ஒரே வார்த்தையில் முடிவு சொன்னார்.

"வண்டி சரியாகலன்னா நானும் கூட வரேன். ஒரு வாரம் இருந்து வீட்டை எல்லாம் செட் பண்ணிக் குடுத்துட்டுத்தான் வருவேன்."

ஒரு வாரம்! தன் புது வீட்டுக் குழாய்கள் ஒவ்வொன்றாக அந்தப் பெண்ணின் கண்முன் வந்து கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். உடனே கடைக்கு ஓடிப்போய்ப் புது கேஸ்கெட் வாங்கி வந்தாள். புறப்பாட்டுக்கு முந்தின நாள் காலையில் எனக்குப் போன் வந்தது.

"மாமா, கொஞ்சம் வீட்டுக்கு வாங்களேன். நீங்க எந்த வேலையும் செய்ய வேணாம். அப்பா கையை மட்டும் பார்த்துக்கிட்டா போதும்."

நான் போனபோது வாசலில் பானட் திறந்து கிடந்தது. அத்தான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தார். பழைய போல்ட்டுகளைக் கழற்றும் வேலை அவருக்கே போயிற்று. நியாயம்தான், அவர் இறுக்கியதை அவர்தானே அவிழ்க்க முடியும்? அவருக்கே வியர்த்துக் கொட்டியது. ஒவ்வொரு போல்ட்டும் வீல் என்று கத்திக்கொண்டு வெளியே வந்தது.

"பார்த்தியா, எப்படிப் பிடிச்சிருக்கு!" என்றார் என்னிடம், பெருமை தாங்காமல்.

மூடியைத் தூக்கினால், பழைய கேஸ்கெட் சப்பட்டையாகி, விரலால் தொட்டதும் துண்டு துண்டாக உடைந்தது. அத்தான் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "சரக்கு மட்டம்."

மகள் வேலையில் இறங்கினாள். ஒட்டிக்கொண்டிருந்த பிசிறுகளைச் சுரண்டினாள், துணியால் இரண்டு பக்கமும் துடைத்தாள், புது கேஸ்கெட்டை மூடியின் பள்ளத்தில் பதித்து, மூடியை அதன் இடத்தில் மெதுவாக இறக்கினாள். போல்ட்டுகளைக் கையாலேயே திருகி உட்கார வைத்தாள். பிறகு வண்டியின் கைப்புத்தகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, இதுக்கு ரொம்பக் கம்மியாத்தான் டைட் பண்ணணுமாம். நடுவுல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா. அதிகமானா போல்ட் உடைஞ்சிடுமாம்."

"புக்கு எழுதினவன் நம்ம ரோட்டுல வண்டி ஓட்டினானா?" என்றார் அத்தான். அவர் கண் நீளமான ஸ்பானரைத் தேடிற்று. அது என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவர் இந்தப் பக்கம் வந்தால் நான் அந்தப் பக்கம் திரும்பினேன். இப்படி எவ்வளவு நேரம் ஒரு மனிதன் திரும்பிக்கொண்டே இருக்க முடியும்? நல்லவேளையாக உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"என்னங்க, குளியலறைக் குழாய் சொட்டுதுங்க!"

அந்தக் குழாய் ஒரு பாவமும் அறியாதது. அக்காவே அதைக் கொஞ்சம் திறந்துவிட்டுக் குரல் கொடுத்திருக்கிறாள். மகளுக்காக ஒரு தாய் எதைத்தான் தியாகம் செய்யமாட்டாள்? அத்தான் பறந்தார். உள்ளே அவர் பல்லைக் கடிக்க, வெளியே மகள் சின்ன ஸ்பானரால் நடுவிலிருந்து ஆரம்பித்து, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று எல்லா போல்ட்டையும் இறுக்கி முடித்தாள். அத்தான் திரும்பி வந்தபோது முகத்தில் வெற்றிக் களை. அக்கா முகத்தில் இனி இரண்டு நாளைக்கு வாளியில்தான் குளியல் என்ற கவலை.

"டைட் பண்ணியாச்சா?"

"ஆச்சுப்பா."

"சரியா இருக்கான்னு ஒரு தடவை தொட்டுப் பார்த்துடறேன்."

தொட்டுப் பார்ப்பதாம்! என்னை ஒரு இடி இடித்து ஸ்பானரைப் பிடுங்கி, ஓரத்து போல்ட்டில் மாட்டிவிட்டார். நான் "அத்தான், வேண்டாம்!" என்று அலறினேன். அக்கா வாசற்படியில் தலையில் கை வைத்தாள். மகள் மட்டும் அலறவில்லை, கையையும் பிடிக்கவில்லை. துணியில் விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"சுத்துங்கப்பா. உடைஞ்சா நான் பஸ்ல போறேன். உங்களைக் கூட்டிட்டுப் போகமாட்டேன். போறது மட்டும் நிக்காது."

ஸ்பானர் அப்படியே நின்றது. இத்தனை வருஷத்தில் அத்தானின் கை ஒரு திருகின் மேல் அசையாமல் இருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். அவர் மகளைப் பார்த்தார், போல்ட்டைப் பார்த்தார், மறுபடி மகளைப் பார்த்தார். இவர் இறுக்கிப் பிடிக்கப் பார்த்தது காரின் மூடியை மட்டுமா? மெல்ல ஸ்பானரைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"தூசி இருந்துச்சு. அதான் பார்த்தேன்," என்றார் அசடு வழிய.

எஞ்சினை ஓடவிட்டு, மூடியின் ஓரம் முழுக்க வெள்ளைக் காகிதத்தால் ஒற்றி எடுத்தாள் மகள். ஒரு பொட்டு ஆயில் இல்லை. அத்தான் அந்தக் காகிதத்தை வாங்கித் தெருவில் போன பால்காரரை நிறுத்திக் காட்டினார், வேலை முழுவதையும் தானே செய்த மாதிரி. அவர் காட்டியதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. அந்த இன்னும் ஒரு சுற்றை வைக்காமல் விட்டது அவர்தானே, அது என்ன சாமானிய வேலையா?

மறுநாள் காலை கார் புறப்பட்டது. கருகல் நாற்றம் இல்லை, கூட வர அப்பாவும் இல்லை. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தெரு முனை திரும்பி கார் மறைந்தது. அத்தான் என் தோளைப் பிடித்தார்.

"ஹேண்ட் பிரேக்கை எடுத்துட்டாளா?"

"எடுக்காமலா அத்தான் போயிருப்பா?"

"இல்ல, கேட்டேன்."

சாயங்காலம் போன் வந்தது. "வந்து சேர்ந்துட்டேன்பா, சாப்பிட்டேன், கதவைப் பூட்டிட்டேன்" என்று எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டாள் கெட்டிக்காரப் பெண். அத்தான் "சரிம்மா" என்று போனை வைத்தார். உடனே மறுபடி எடுத்தார். "நிஜமாவே சேர்ந்துட்டியா?" என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் வீட்டிலும் ஊருக்குப் போன பிள்ளை உண்டல்லவா? அதற்கு இன்று எத்தனை தடவை போன் போட்டீர்கள் என்று என்னிடம் சொல்ல வேண்டாம். கடைசித் தடவை கேட்பதற்கு என்ன விஷயம் மிச்சம் இருந்தது என்று மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.