பெட்டியில் போட்ட மயக்கம்

போன மாசம் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கணும்.

வயசு அம்பத்தெட்டு. சுகருக்கு ரெண்டு நேரமும் ஊசி. சில நேரம் சுகர் படக்குனு இறங்கி கண்ணு இருட்டிரும். ஒருவாட்டி ஸ்கூட்டர் ஓட்டும்போதே இருட்டி, குழித்துறை சந்தையில ஒரு வாழைக்குலைக் கடைக்குள்ள நேரா போயிட்டேன். பின்னால எனக்க வீட்டுக்காரி சுகந்தியும் இருந்தா. குலை மேல விழுந்ததால ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகல. கடைக்காரர் ஏசிக்கிட்டே ரெண்டு மட்டிப்பழம் உரிச்சுத் தந்தாரு. தின்னதும் கண்ணு தெளிஞ்சுது.

"இஞ்ச பாருங்க, இனி நான் ஓட்டுதேன். நீங்க பின்னால இருங்க"ன்னா சுகந்தி.

அவகிட்ட ஆறு வருசமா லைசென்ஸ் இருக்கு. ஆனா அவ ஓட்டுற அழகை ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சவன் நான். அவளுக்குப் பின்னால உக்காந்து சந்தை வழியா போறதுக்கு வீட்டிலயே கெடக்கலாம்.

அதனால வழக்கமா பாக்குற சுகர் டாக்டர்கிட்ட போகல. எனக்க வண்டவாளம் முழுசும் அவருக்குத் தெரியும். புதுசா கிளினிக் தொறந்த வேற ஒரு டாக்டர்கிட்ட போனேன். என்னை யாருன்னே தெரியாதவரு. எவ்வளவு புத்தி பாருங்க.

ஃபாரத்துல மயக்கம் உண்டா, தலைசுத்து உண்டா, எல்லாத்துக்கும் 'இல்லை'னு போட்டுட்டுத்தான் உள்ள போனேன்.

"சுகர் உண்டுமா?"

"சாயாவே சீனி போடாமத்தான் குடிப்பேன் டாக்டர்." இது பொய் இல்ல.

"மயக்கம் வருமா?"

"சின்னதுல இருந்தே கெடையாது." இது பொய்.

பிரஷர் பாக்குற மெஷினை எடுக்க அவரு அலமாரி பக்கம் திரும்பினாரு. எனக்கு வேர்த்துட்டுது.

அந்தப் பிடரி எனக்குத் தெரியும். காதுக்குக் கீழ பெரிய மச்சம். நான் சர்ச்சுல எப்பவும் கடைசி பெஞ்சு, ஆளுகளை எனக்கு பிடரி வச்சுத்தான் அடையாளம். மூணு வாரமா எனக்கு நேர் முன்னால உக்காந்திருக்கிற பிடரி அது.

எங்க சர்ச்சுல ஒரு பெட்டி உண்டு. ஜெபிக்க வேண்டியதை சீட்டுல எழுதிப் போட்டா, போதகர் அதை மைக்குல வாசிப்பாரு, சபை முழுசும் ஜெபிக்கும். மத்தவங்க 'ஒரு சகோதரரின் சுகத்துக்காக'ன்னு எழுதுவாங்க. நான் கர்த்தருக்கு ஆள் மாறிரக்கூடாதுன்னு பேரு, வீடு, ஊசி அளவு, வாழைக்குலைக் கடை எல்லாத்தையும் எழுதிப் போட்டிருந்தேன். போதகரும் ஒரு எழுத்து விடாம வாசிச்சாரு. மூணு வாரம்.

டாக்டர் ஃபாரத்தைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு.

"ஞானமுத்து... அண்ணே, உங்களுக்காகத்தானே நாங்க ஜெபிச்சிட்டு இருக்கோம்?"

"ஜெபம் கேட்டாச்சு டாக்டர். பூரண சுகம்." வாயி என்னைக் கேக்காமயே சொல்லிட்டுது.

"ஸ்தோத்திரம்"னு சொல்லி அவரு பேனாவை மூடி வச்சாரு. "அப்படின்னா ஞாயிற்றுக்கிழமை சபையில எழும்பி, கர்த்தர் சுகம் தந்தாருன்னு சாட்சி சொல்லுங்க. சொல்லி எறங்கின உடனே கையெழுத்து போட்டுத் தாறேன்."

அந்த ஞாயிறு சர்ச்சுல அப்பமும் ரசமும் குடுக்கிற திருவிருந்து. திருவிருந்துக்கு முன்ன ஒண்ணும் தின்னாம போறது எங்க வீட்டுப் பழக்கம். தின்னுட்டுத்தான் ஊசி போடணும்ங்கிறது டாக்டர் சொன்ன பழக்கம். பொய் சொல்லப் போற பதட்டத்துல ஊசியைப் போட்டுட்டு வெறும் வயித்தோட போயிட்டேன்.

மைக்கைப் பிடிச்சதும் கை நடுங்கிச்சு. பயம்னு நெனச்சேன்.

"எனக்க மயக்கத்தை கர்த்தர் முழுசுமா..."

அதுக்கு மேல வரல. கண்ணு இருட்டி, அந்தால படியிலயே உக்காந்துட்டேன். நான் உருகிப்போய் உக்காந்தேன்னு நெனச்சு யாரோ 'ஆமென்' சொன்னாங்க.

டாக்டர் எழும்பி ஓடி வந்தாரு. அவருக்கு முன்னாலயே சுகந்தி வந்து, பையில இருந்து மட்டிப்பழம் எடுத்து உரிச்சுத் தந்தா. நான் சாட்சி சொல்லப் போறேன்னதுமே பழத்தை எடுத்து வச்சிருக்கா.

"கையெழுத்து இப்பம் இல்லண்ணே"ன்னாரு டாக்டர். "மூணு மாசம் சுகரை ஒழுங்கா வச்சுட்டு, உங்க டாக்டர்கிட்ட கடுதாசியும் வாங்கிட்டு வாங்க, பாப்போம். உங்க ஒருத்தருக்காக ஜெபிக்கலாம். ரோட்டுல வாற எல்லாருக்கும் ஜெபிக்க எனக்கு நேரமில்ல."

சபைக்கு முன்ன உக்காந்தது வெக்கம்தான். ஆனா நான் பழத்தைத் தின்னு முடிக்கிற வரைக்கும் சுகந்தி எனக்க சட்டையை இறுக்கிப் பிடிச்சிட்டே இருந்தா. அதுதான் தாங்கல. அன்னைக்கு கடைக்குள்ள நான் அவளையும் சேத்துத்தானே கொண்டு போனேன்.

வெளிய வந்ததும் சாவிக்கு கையை நீட்டினா. குடுத்துட்டேன்.

சந்தை வழியாத்தான் கூட்டிட்டுப் போனா. எங்க ஸ்கூட்டரைக் கண்டதும் வாழைக்குலைக் கடைக்காரர் குலையை எல்லாம் உள்ள இழுத்தாரு. ஓட்டுறது யாருன்னு பாத்துட்டு திரும்ப வெளிய வச்சாரு.

அடுத்த வாரம் பெட்டியில புதுசா ஒரு சீட்டு போட்டேன். 'ஸ்கூட்டரின் பின்னால் அமர்ந்து வாயை மூடத் தெரியாத ஒரு சகோதரருக்காக.' இந்தவாட்டி புத்தியா பேரு எழுதல.

போதகர் வாசிச்சு முடிச்சதும் எனக்கு முன்னால இருந்த பெஞ்சுல அந்தப் பிடரி மெதுவா என் பக்கம் திரும்பிச்சு.