மாமா – உப்பு இல்லை

அரிசி வெந்தால் பெருகும் என்ற உண்மை எனக்கு இருபத்தொன்பதாவது வயதில்தான் தெரியவந்தது. மருதமுனையில் பிறந்து, கல்முனையில் கலியாணம் முடித்து, வயல் சூழ்ந்த ஊர்களிலேயே சோறு தின்று வளர்ந்தவன் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும். நான் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவன். அந்தத் தவணையில் தரம் ஒன்பதுக்குக் கனவளவுதான் நடத்திக்கொண்டிருந்தேன். (பிள்ளைகள் பாவம்.)

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். முதல் வருஷம் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். குடித்த கோப்பையைக்கூடக் கழுவ விடமாட்டார்கள். நானும் அந்த மரியாதையை எதிர்க்கவில்லை. (எதிர்க்க எனக்கென்ன பைத்தியமா?) ஆனால் ஆறு மாதம் போனதும், இந்த வீட்டில் நான் எதற்கும் உதவாத ஆள் என்று மாமா நினைக்கிறாரோ என்ற சந்தேகம் வந்தது. மாமா என்றால் என் மனைவி ரிஸ்னாவின் வாப்பா. இறக்காமத்தில் வயல் செய்கிறவர். தேவைக்கு மேல் கதைக்கமாட்டார். அதுவரை என்னோடு அவர் கதைத்ததெல்லாம் சாப்பிட்டாயிற்றா என்பதும், மோட்டார் சைக்கிளை உள்ளே எடுத்தாயிற்றா என்பதும்தான்.

மாமாவுக்குப் பிரஷர். டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்ன நாளிலிருந்து மாமி அவருக்குத் தனியாக ஆக்கினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தால் நானும் ரிஸ்னாவின் சகோதரர்களான இரண்டு மச்சான்மாரும் பாயில் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து, அந்தப் பெரிய தட்டில் ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடுவோம். மாமா மட்டும் மேசையில் ஒரு சின்னப் பீங்கானோடு, சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவார். அதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும்.

அறுவடை முடிந்த கையோடு, ஆண்கள் நால்வரும் சாகாமம் குளத்தடிக்குப் போய்க் கூடாரம் அடித்து ஒரு இரவு தங்கி வருவோம் என்று பெரிய மச்சான் சொன்னார். அந்த வாரம்தான் நான் போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். ஏதோ ஒரு நாட்டுக் காட்டில் ஒரு மனிதர் சாமான்களைப் பிளாஸ்டிக் பேக்குக்குள் போட்டு, வாயை மூடி, கொதிதண்ணீரில் இறக்கினார். ஆளுக்கொரு பேக், ஆளுக்கொரு ருசி, கழுவப் பாத்திரமில்லை. எனக்கு மூளையில் லைட் எரிந்தது. ஒரே பானை, ஒரே சாப்பாடு, மாமாவின் பேக்கில் மட்டும் உப்பில்லை. அவரும் எங்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். கூடவே என் மானமும் கொஞ்சம் உயரும்.

சட்டி, பீங்கான், சஹன் ஒன்றும் வேண்டாம், தண்ணீர் கொதிக்கவைக்க ஒரு கிடாரம் மட்டும் போதும் என்று வீட்டில் அறிவித்தேன். மாமி என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"மாப்புள, நீங்க எப்பயாவது சோறாக்கி இரிக்கீங்களா?"

"இதுல ஆக்குறதுக்கு ஒண்டுமில்ல மாமி. தண்ணி கொதிக்கும், அது பாட்டுக்கு வேகும்."

ரிஸ்னா சிரித்தாள். பெருமையில் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்முனையில் கடை கடையாக ஏறி, கொதிதண்ணீர் தாங்கும் என்று கடைக்காரர் சத்தியம் பண்ணிய தடிப்பான ஸிப் பேக்குகளை வாங்கினேன். ஒவ்வொன்றிலும் மார்க்கரால் பெயர் எழுதினேன். ஒன்றில் கொட்டை எழுத்தில் 'மாமா – உப்பு இல்லை'. பிறகு அரிசி, மசாலா பிரட்டிய கோழி, வெங்காயம், ரம்பை இலை, கறிவேப்பிலை. ஆம்பிளைகளின் பசியை நினைத்துக் கழுத்துவரை அமுக்கி நிரப்பினேன். மிச்ச இடத்துக்குத் தண்ணீர் விட்டேன். மிச்ச இடம் அதிகம் இருக்கவில்லை.

அடுத்த நாள் வேனில் போய், குளக்கட்டுக்குக் கீழே ஒரு மருத மர நிழலில் கூடாரம் அடித்து, பகல் லுஹர் தொழுதுவிட்டு, மூன்று கல் வைத்து நெருப்பு மூட்டினோம். கிடாரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பேக்குகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே, வெப்பம் எப்படிக் கடத்தப்படுகிறது என்று ஒரு பாடம் எடுத்தேன். மாமா பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். விடியப்புறம் வெறும் தேத்தண்ணீரும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டு வந்த மனிதர். சாப்பிட்டபின் போடவேண்டிய மாத்திரை அவர் சேர்ட் பையில் இருந்தது.

பத்து நிமிஷத்தில் பேக்குகளின் வயிறு வீங்கத் தொடங்கியது. பெரிய மச்சான் இது என்ன என்று கேட்டார். வேகிற அறிகுறி என்றேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவருடைய பேக் 'ப்ளக்' என்று வாயைத் திறந்து சோற்றைக் கக்கியது. அடுத்து என்னுடையது. சின்ன மச்சானின் பேக்கைத் தடியால் தூக்கிக் காப்பாற்றப் போனேன். அது பாதி வழியில் வாயைப் பிளந்துவிட்டது. மாமாவின் பேக் மட்டும் தாக்குப்பிடித்தது. யா அல்லாஹ், இதை மட்டும் காப்பாற்று, இனிமேல் வீடியோவே பார்க்கமாட்டேன் என்று மனதுக்குள் துஆ கேட்டேன். அதுவும் திறந்தது. உப்புள்ளதும் உப்பில்லாததும் ஒன்றாகக் கலந்து கிடாரத்தில் சுழன்றன.

மாமாவுக்கு இனிச் சாப்பாடு இல்லை. கடைக்குப் போவதென்றால் மைல் கணக்கில் தள்ளித் திருக்கோவில் பக்கம்தான் போகவேண்டும். "மாமா, உங்கட சாப்பாட்டக் கெடுத்துப்போட்டன்" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. (புகை என்று சொல்லிச் சமாளித்தேன். புகை மற்றப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.)

மாமா எழும்பி வந்தார். சாரத்தை மடித்துக் கட்டினார். தடியால் பேக்குகளை வெளியே எடுத்துப் போட்டார், நெருப்பை இழுத்துக் குறைத்தார், கிண்டத் தொடங்கினார். காவலுக்கு வயல் வாடிக் குடிசையில் தங்கிய காலமெல்லாம் தானே சோறாக்கித் தின்றவர் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கஞ்சிக்கும் சோற்றுக்கும் நடுவில் அது இறுகி வந்ததும், தேத்தண்ணீர்க் கோப்பையில் கொஞ்சம் எடுத்து ஊதி ருசி பார்த்தார்.

"உப்புத் தெரியல்ல. அவ்வளவு தண்ணிக்குள்ள எங்க தெரியிற? எனக்கு இது காணும்."

மச்சான்மாரும் ருசி பார்த்தார்கள். அவர்கள் முகம் போன போக்கைச் சொல்லி வேலையில்லை.

அடுத்த பிரச்சினை, எதில் போட்டுச் சாப்பிடுவது என்பது. ஏதாவது தட்டுப்படுமா என்று சின்ன மச்சான் வேனில் தேடினார். சுருட்டி வைத்த பாய்க்கு நடுவில், ஒரு பழைய சாரத்தில் சுற்றி, எங்கள் வெள்ளிக்கிழமைச் சஹன் இருந்தது. அதற்குள் ஒரு சின்ன டின். டின்னுக்குள் உப்பு. மாமி என்னை மேலும் கீழும் பார்த்ததற்கு அர்த்தம் அதுதான்.

சஹனில் கொட்டி நால்வரும் சுற்றி உட்கார்ந்தோம். உப்பு வேண்டியவர் தன் பக்கத்து ஓரத்தில் தூவிக்கொண்டார். இவ்வளவுதான் விஷயம். இதற்காகவா நான் கல்முனை முழுக்கப் பேக் தேடித் திரிந்தேன்? மாமா பிஸ்மி சொல்லிக் கைவைத்தார். பிறகு ஒரு பெரிய கோழித் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"அரிசி பெருகும் மகன். பேக்கு பெருகாது."

அதுவரை நான் அவருக்கு வெறும் மாப்பிள்ளைதான். மகன் என்று அன்றுதான் கூப்பிட்டார். அந்தக் கோழித் துண்டு சரியாக வேகக்கூட இல்லை, ஆனாலும் கடித்து மென்று விழுங்கினேன்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் மாமி உப்பைக் குறைத்துத்தான் ஆக்குகிறார். டின் நடுவில் இருக்கும், மாமா எங்களோடு பாயில் இருப்பார். நான் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தால் போதும், மாப்பிள்ளைக்கு ஒரு பேக் எடுத்துக் கொடுங்கள் என்று யாராவது குரல் கொடுப்பார்கள். ரிஸ்னாதான் அதில் முதல் ஆள்.

அந்த மார்க்கர் மட்டும் நல்ல மார்க்கர். மாமா தன் பேக்கைக் கழுவிக் காயவைத்து, பிரஷர் மாத்திரைகளை அதில்தான் போட்டு வைத்திருக்கிறார். கிளினிக்குக்குக் கொண்டுபோனபோது டொக்டர் எழுத்தை வாசித்துவிட்டு, மாத்திரைக்கு ஏன் இப்படி எழுதியிருக்கிறது என்று கேட்டாராம். "இது மாத்திரப் பேக்கு இல்ல டொக்டர், என்ட மகன் எனக்குச் சோறாக்கின பேக்கு" என்று சொல்லி, முழுக்கதையையும் அங்கேயே உட்கார்ந்து சொல்லியிருக்கிறார், தேவைக்கு மேல் கதைக்காத மனிதர். பின்னால் வரிசையில் இருந்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் என் மாணவர்களின் பெற்றோர்.