லிஃப்ட் அருகே ஒதுக்கப்பட்ட இடம்

"டாடி, மம்மி ஏன் லிஃப்ட் பக்கத்துல மட்டும் சிரிக்கிறாங்க?" என்று கிறிஸ்டின் ஒருநாள் கேட்டாள். குழந்தை ஆங்கிலத்தில்தான் கேட்டாள். ஆகவே லியனார்டால் கேள்வியில் குற்றம் காண முடியவில்லை.

மலேசியத் தமிழர்களின் எதிர்காலம் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி ஒன்றில்தான் தீர்மானமானது என்பதை வரலாறு ஒருநாள் ஒப்புக்கொள்ளும். அங்குதான் லியனார்டின் தலைமையில் 'ஆங்கில இல்லம்' திட்டம் பிறந்தது. கூட்டம் முழுக்கத் தமிழிலேயே நடந்தது. இவ்வளவு முக்கியமான விஷயம் யாருக்கும் புரியாமல் போய்விடக் கூடாதல்லவா?

"வீட்டுல இங்கிலீஷ் பேசினாதான் நம்ம பிள்ளைங்க முன்னுக்கு வரும் லா," என்றார் அடுக்குமாடித் தமிழர் சங்கச் செயலாளர் பக்கிரிசாமி.

"அப்ப புருஷன்கிட்ட சண்டை போடணும்னா?" என்றாள் பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி.

"அதுவும் இங்கிலீஷ்லதான்."

"எனக்கு அவ்வளவு வராதே அண்ணே."

"பார்த்தியா, வீட்டுல நிம்மதி!"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வீட்டுக்குள் யாராவது வாய் தவறித் தமிழ் பேசினால் குடும்பத் தலைவர் வாசலை நோக்கி விரலை நீட்டுவார். குற்றவாளி வெளியே போய், லிஃப்ட் அருகே மிச்சத்தைப் பேசிவிட்டு வரலாம். சிகரெட் பிடிப்பவர்களுக்குக் காட்டும் அதே கருணை.

லியனார்ட் தம் வீட்டு ஜெபமாலையையும் ஆங்கிலத்துக்கு மாற்றினார். மாதாவுக்கு ஆட்சேபம் இருந்ததாகத் தகவல் இல்லை. சுங்கை வே தமிழ்ப்பள்ளியில் படித்த அவர் மனைவி மகதலேனா மட்டும் 'ஆமென்' வரும்வரை காத்திருந்தாள்.

"இன்னிக்கு உங்க வீட்டுல என்ன பேசினீங்க?" என்று லிஃப்ட் அருகே புஷ்பவல்லி விசாரிப்பாள்.

"உப்ப எடுத்துக் குடுன்னாரு. குடுத்தேன். தேங்க்யூன்னாரு. அதோட முடிஞ்சிருச்சு அக்கா!"

இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். வீட்டுக்குள்ளோ பூரண அமைதி. அதையே 'முன்னேற்றம்' என்று லியனார்ட் சங்கத்துக்கு அறிவித்தார். கதவில் மாட்ட 'முன்மாதிரி இல்லம்' என்ற பித்தளைப் பலகையும் வந்தது.

திட்டத்துக்கு முந்திய வருடம் கிள்ளானில் லியனார்டின் தந்தை இறந்தபோது, மகதலேனா சமையலறையில் கணவரின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "நான் இருக்கேன்ல. அழுதுடுங்க," என்றாள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

பலகை மாட்டிய வாரத்திலேயே செமினியில் இருந்த மனைவியின் அண்ணன் வீட்டிலிருந்து போன் வந்தது. மகதலேனா கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்தாள்.

"என்னங்க... எங்கண்ணன் போயிட்டாருங்க."

லியனார்டின் விரல் பழக்கத்தில் வாசலை நோக்கி நீண்டது. அவள் சொன்னது அதன் பிறகுதான் அவருக்கு உறைத்தது. அதற்குள் அவள் கீழ்ப்படிந்து வெளியே போயிருந்தாள்.

லிஃப்ட் அருகே சுவரைப் பார்த்து நின்றாள். தாழ்வாரத்தில் வேறு யாரும் இல்லை. அவர் மெல்லப் போய் அவள் தலையைத் தம் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"நான் இருக்கேன்ல. அழுதுடு."

பழைய கடன் இவ்வாறு சாட்சி இல்லாமல் தீர்ந்தது. திட்டத்தின் விதியும் மீறப்படவில்லை. மனைவிக்கு ஆறுதல் சொல்வதற்கு, அந்த முன்மாதிரித் தலைவர் அவளை முதலில் வீட்டைவிட்டு வெளியே அனுப்பியிருந்தார்.